துர்காவின் அம்மா ஒருமுறைதான் சொல்வார்

துர்காவின் அம்மா எதையும் இரண்டாவது தடவை சொல்லமாட்டார். ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே, "பாலத்துக்கு முன்னாடி நிப்பாட்டிருங்கண்ணே" என்பார். ஓட்டுநர் மறந்துபோய்ப் பாலத்தைத் தாண்டிவிட்டால் கத்தமாட்டார், கம்பியைத் தட்டமாட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடப்பார். என் ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்த ஒருநாள் நானும் அதே ஆட்டோவில் இருந்தேன். "அண்ணே பாலம், பாலம்" என்று நான்தான் குரல் கொடுத்தேன். பாட்டுச் சத்தத்தில் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. இறங்கி நடக்கும்போது, "நீங்களும் இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாம்ல துர்காம்மா" என்றேன்.

"சொல்லியாச்சுல்ல டீச்சர். காது அவருதுதான?"

கோபமே இல்லை. வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருடம், வாரத்தில் நான்கு மாலை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கூரைக் கூடம். அங்கேதான் எங்கள் பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றார்கள். செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் பெற்றோர் பெஞ்சு. அங்கே எல்லோருக்கும் பிள்ளையின் பெயர்தான் பெயர். என் கைப்பேசியில் அவர் இன்றும் 'துர்கா அம்மா ஜிம்'. நான் மட்டும் அவருக்கு 'டீச்சர்'. நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். அதன்பிறகும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

கீழக்குயில்குடியிலிருந்து பஸ் பிடித்து வருவார். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு கடையில் பகல் முழுக்க ரவிக்கை தைப்பார். மாலையில் துர்காவோடு கூடத்துக்கு வருவார். மற்ற அம்மாக்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பக்கம் பார்க்கவே மாட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். ஊசி துணிக்குள் இறங்கும்போது கீழே பார்ப்பார், நூலை இழுக்கும்போது நிமிர்ந்து பார்ப்பார். அந்த இழுப்புக்குள் கூடம் முழுவதையும் பார்த்துவிடுவார். "டீச்சர், அந்தப் பிள்ளைக்கு எடது தோளு அரை இஞ்சு எறக்கம்" என்றார் ஒருநாள், யாரோ ஒரு சிறுமியைப் பார்த்து. ஆமாவா என்று நான் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தும் எனக்கு இரண்டு தோளும் ஒன்றாகவே தெரிந்தன.

நான் மூன்று தடவை சொல்கிற ஆள். இருபது வருட வகுப்பறைப் பழக்கம். ஒரு சூத்திரத்தை மூன்று தடவை சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன். வீட்டில் மகளிடமும் அப்படித்தான். ஜெசி, தண்ணி பாட்டில். ஜெசி, பாட்டில் எடுத்தியா. ஜெசி, பாட்டில எங்க. துர்காவின் அம்மா, "கெளம்புவோம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். துர்கா பாயிலிருந்து எழுந்து வந்து செருப்பைப் போடுவாள். நான் நான்காவது தடவை கூப்பிடும்போது ஜெசி இன்னும் தலைகீழாக நின்றுகொண்டிருப்பாள்.

எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமை. ஒன்பது வயது துர்காமேலும் பொறாமை. அவள் கைகளில் நின்றால் நூல் பிடித்த மாதிரி நிற்பாள். மாஸ்டர் சத்தமாக எண்ணுவார். அந்த எண்ணிக்கை ஏற ஏற, இப்போது விழுவாள், இப்போது விழுவாள் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஜெசி நின்றால் ஜெபம் பண்ணுவேன்.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. சடை அவிழ்ந்துவிட்டால் ஜெசி என்னிடம் வரமாட்டாள். துர்காவின் அம்மா முன்னால் போய் முதுகைக் காட்டி உட்காருவாள். "அத்தை, சடை." அவர் வாயிலிருக்கும் ஊக்கை எடுத்து முந்தானையில் மாட்டிவிட்டு, மூன்று இழுப்பில் பின்னி முடிப்பார். "எங்கிட்ட வரலாம்லடி" என்று ஸ்கூட்டரில் போகும்போது கேட்டேன். "நீங்க பின்னும்போது பேசிக்கிட்டே இருப்பீங்கம்மா" என்றாள்.

ஒருநாள் மாஸ்டர் எங்கள் எல்லோரையும் அலமாரிப் பக்கம் நிற்கவைத்துப் பேசினார். "எல்லாம் ஒம்பது, பத்து வயசுப் பிள்ளைக. வருசம் பூரா இது ஒண்ணையே பண்ணுனா ஒடம்பு ஒரே மாதிரி பழகிரும். ரெண்டாவதா ஒரு விளையாட்டுல சேத்துவிடுங்க. வாரத்துல ரெண்டு நாள் போதும். கைக்கு ரெஸ்ட் கெடைக்கிற மாதிரி பாத்துக்கங்க. ஓட்டம், நீச்சல், ஃபுட்பால், பிள்ளைக்குப் புடிச்சது எதுன்னாலும்."

"செஸ்ஸுன்னா கைக்கும் ரெஸ்ட்டு, காலுக்கும் ரெஸ்ட்டு மாஸ்டர்" என்றார் பெஞ்சிலிருந்த ஒரு அப்பா.

"அதுல நீங்க சேந்துக்கங்கண்ணே. பிள்ளைய அனுப்புங்க."

எல்லோரும் சிரித்தோம். நான் அன்றே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். விளையாட்டு, பயிற்சி இடம், எவ்வளவு தூரம், போட்டி உண்டா, சான்றிதழ் உண்டா, கல்லூரியில் ஒதுக்கீடு உண்டா. நீச்சல் என்றால் சளி பிடிக்கும். கால்பந்து என்றால் கருத்துப்போவாள், முட்டி போகும். ஓட்டம் என்றால் ஓடுவதை யார் பார்க்கப் போகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் விசாரித்தபோது சிலம்பம் என்றார்கள். ஒதுக்கீடு இருக்கிறது, மேடை இருக்கிறது, பல்டி தெரிந்த பிள்ளை கம்பு சுற்றினால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். என் நோட்டில் ஆறு கட்டங்கள் இருந்தன. கைக்கு ஓய்வு என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் துர்காவின் அம்மாவிடம், "நீங்க எதுல சேக்குறீங்க?" என்றேன்.

"ஓடுறாளாம்."

"எங்க?"

"எங்க ஊருலதான். மலைக்குக் கீழ நம்ம பிள்ளைக ஓடுதுக."

"கோச் யாரு?"

"கோச்செல்லாம் இல்ல டீச்சர். அவளத்தான் கேட்டேன். ஓடணும்னா. சரின்னுட்டேன்."

உள்ளுக்குள் சிரித்தேன். ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது விஷயம். நான் ஒரு வாரமாக நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெசி, "நானும் துர்கா கூட ஓடட்டாம்மா?" என்று கேட்டாள். சிலம்பம் ஏன் நல்லது என்று அவளுக்கு விளக்கினேன். மூன்று தடவை.

சிலம்பம் அவளுக்கு வந்தது. நன்றாகவே வந்தது. பள்ளி ஆண்டு விழாவில் கம்பைச் சுற்றிக்கொண்டே ஒற்றைக் கையில் சக்கரம் அடித்தாள். கூட்டம் விசிலடித்தது. அந்த வீடியோவைப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டேன். நிறையக் கைதட்டல் பொம்மைகள் வந்தன. துர்காவின் அம்மா பார்த்துவிட்டாரா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பார்த்திருந்தார். ஒன்றும் எழுதவில்லை.

அந்த நாட்களில் மாதா கோயிலில் ஜெசி கைகூப்பும் விதம் மாறியிருந்தது. எப்போதும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிவைத்து, விரல்கள் மேலே பார்க்க, படத்தில் சிறகோடு இருக்கும் சம்மனசு மாதிரி நிற்பாள். இப்போது விரல்களைக் கோர்த்துத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நான் அப்படித்தான் ஜெபம் பண்ணுவேன். பிள்ளை என்னைப் பார்த்துப் பழகுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். உள்ளங்கைகளை ஒட்டினால் மணிக்கட்டு பின்னால் மடங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மாவட்டப் போட்டி வந்தது. அந்த வயதுப் பிரிவில் எங்கள் கூடத்திலிருந்து ஜெசியும் துர்காவும். போட்டிக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கை உடை வேண்டும். காஸ்ட்யூம் என்போம். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் துர்காவின் அம்மாதான் தைத்துக் கொடுப்பார். அளவெடுக்க ஜெசியைப் பாய்கள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

"சொவத்துல ரெண்டு கையும் ஊனு பாப்பா."

ஜெசி இடது உள்ளங்கையை விரித்து ஊன்றினாள். வலது கையை முஷ்டியாக வைத்தாள். அவர் டேப்பை அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கையை எடுத்து, மணிக்கட்டின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். ஜெசி உதட்டைக் கடித்தாள். "போய் வெளாடு" என்று அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"டீச்சர், பாப்பாவுக்கு வலது மணிக்கட்டு சரியில்ல. தரையில இருந்து எந்திரிக்கையிலயும் கைய மடக்கி ஊனித்தான் எந்திரிக்கிது. டாக்டர்ட்ட காட்டிருங்க. கம்பக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்க. இதுவும் கை, அதுவும் கை. ஒரே எடத்துல ஊசி எறங்கிக்கிட்டே இருந்தா தையல் நிக்கும், துணி நிக்காது."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அது என் காதில் வேறாக விழுந்தது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். இதில் மேலே போகப்போவது ஒருத்தி.

"எங்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லலையே" என்றேன்.

"ம்" என்றார். அளவு நோட்டை எடுத்து எழுதினார். முடிந்தது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னேன். அதுவரை 'துர்காவின் அம்மா சொன்னாங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள் அன்று, "அவ சொல்றா, பிள்ளைய நிப்பாட்டணுமாம்" என்றேன். "அவ மகளுக்கு வழிவிடச் சொல்றாளோ" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். நான் மறுக்கவில்லை. அன்று மாலை ஜெசியையும் கேட்டேன். கேட்காமல் இல்லை. "கை வலிக்குதா? வலிக்கலதான? வலிக்கலல்ல?" மூன்றாவது கேள்விக்கு அவள், "இல்லம்மா" என்றாள்.

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் காஸ்ட்யூம் வந்தது. மயில்கழுத்து நீலம். ஜெசி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கழற்றியபிறகு புரட்டிப் பார்த்தேன். இடது கை முனையில் வழக்கமான மெல்லிய எலாஸ்டிக். வலது கை முனையில் உள்பக்கமாக மூன்று விரல் அகலத்துக்கு ஒரு தடித்த பட்டை, இரட்டைத் தையலில். வெளியே தெரியாது. கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்தது. மடக்க விடவில்லை.

பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவுக்குத் தையல் பிசகாது. துர்கா தன் காஸ்ட்யூமைப் போட்டு எடுத்த படம் குழுவில் வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் உடையின் கைமுனைகள் இரண்டும் ஒன்றுபோல மெல்லிசாகச் சுருங்கியிருந்தன. அப்போது என் மனசுக்குள் வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். என் பிள்ளை கையை மடக்க முடியாமல் மதிப்பெண் இழக்கட்டும் என்று செய்திருக்கிறாள்.

"இது இருக்கட்டும்மா. இதுதான் நல்லாருக்கு" என்றாள் ஜெசி.

நான் பிளேடு எடுத்துப் பட்டையைப் பிரித்தேன். நெருக்கமான தையல், நேரம் பிடித்தது. பட்டை இருந்த இடத்தில் ஊசித்துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. மெல்லிய எலாஸ்டிக் வைத்து என் கையாலேயே தைத்தேன். தையல் கோணல்தான். தூரத்திலிருந்து தெரியாது.

போட்டி ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் நடந்தது. ஜெசி ஓடிவந்தாள். இரண்டு கைகளையும் ஊன்றிப் புரளவேண்டும். ஊன்றினாள். புரளவில்லை. வலது பக்கமாகச் சரிந்து, அந்தக் கைமேலேயே விழுந்தாள்.

நான் படியிறங்கிப் போவதற்குள், ஓரத்தில் துர்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜெசியின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கியிருந்தார். இன்னொரு கை தானாக உடையின் முனைக்குப் போனது. பட்டையைத் தேடியது. என் கோணல் தையலை ஒருமுறை தடவிவிட்டு நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "டீச்சர், ஒங்க துப்பட்டாவக் குடுங்க" என்றார். அதை மடித்துக் கழுத்தோடு தூளியாகக் கட்டினார்.

ஜெசி அழவில்லை. "அத்தை, வலிக்குது" என்றாள்.

என் பிள்ளையின் கை தொங்குகிறது. அந்த நேரத்திலும் எனக்கு உறைத்தது அதுதான். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வளர்கிற எலும்பின் நுனி. "இன்னைக்கு விழுந்தது மட்டும் இல்லம்மா. இந்த எடம் பல மாசமா அடி வாங்கியிருக்கு. பிள்ளை வலிக்குதுன்னு சொல்லவே இல்லையா?" பட்டையைப் பற்றி நான் கேட்டேன். அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று பொதுவாகக் கேட்டேன். "துணிப்பட்டை என்னம்மா செய்யும்? ஓய்வுதான் குடுத்திருக்கணும்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இப்போதும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து துர்காவையும் கூட்டிக்கொண்டு அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். துர்கா போட்டியில் தேர்வாகியிருந்தாள். அதைப்பற்றி இருவரும் வாய்திறக்கவில்லை. மீந்த மயில்கழுத்து நீலத் துணியில் கைத்தூளி ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தார். ஜெசி ஆஸ்பத்திரித் தூளியைக் கழற்றிப்போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இருவரும் உள்ளே போனார்கள். காப்பி டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"நீங்க இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல துர்காம்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டீங்களே."

குற்றம் சாட்டுகிற குரல்தான் அது. அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவயும் சொன்னேன் டீச்சர்."

"எப்ப?"

"தச்சுக் குடுத்தேன்ல."

அவ்வளவுதான். காப்பியை எடுத்துக் குடித்தார். உள்ளே பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். கிளம்பும்போது, "வாரேன் டீச்சர்" என்றார். நான் வாசல்வரை போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை வார்த்தை கூட்டியும் அது வாக்கியமாகவில்லை. ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. ஏறும்போது அவர் ஓட்டுநரிடம் இறங்குமிடம் சொல்வது கேட்டது. ஒரு தடவை.

அடுத்த வருடம் அவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பனியன் கம்பெனியில் இருவருக்கும் வேலை, அவருக்கும் அவர் கணவருக்கும். ஜெசிதான் சொன்னாள். துர்காவோடு அவள் இன்னும் பேசுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருக்கும்.

ஜெசிக்கு இப்போது பதினாறு. ஜிம்னாஸ்டிக்ஸ் அத்தோடு நின்றுவிட்டது, கம்பும் நின்றுவிட்டது. ஆறுமாதம் கழித்து, இனி என்ன விளையாட்டு என்று நான் நோட்டை எடுத்தபோது, "ஓடுறேம்மா" என்றாள். நோட்டை மூடினேன். எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். அவளுடைய வலது முன்கை இடதைவிடக் கொஞ்சம் குட்டை. பார்த்தால் தெரியாது. அளவெடுக்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் சீருடை தைக்கிறவர் டேப்பைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார். "தெரியும், தெரியும்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

போனவாரம் காலையில் பயிற்சிக்குக் கூட்டிப்போக ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. ஜெசி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு வேணாம்மா. கணுக்கால் வலிக்குது."

சொல்லிவிட்டு ஷூவைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை சொல்வாள் என்று நின்றேன். எப்படி வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று ஏதாவது. சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து வந்ததில்லை. யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியும். ஏழு வருடம் கழித்தும், திருப்பூரில் இருந்துகொண்டும், என் வீட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வயிறு எரியத்தான் செய்கிறது.

'வலிக்குதா, நிஜமா வலிக்குதா, ஓடவே முடியாதா' என்று மூன்றும் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டு, சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.